மூன்று வயது வண்டியை இப்போது யார் வாங்குகிறார்கள்?

வி-ட்வின் விசிறி:

வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாடல் சுசூகி எஸ்வி650 மோட்டார்சைக்கிள், இரண்டு சிலிண்டரும் வி வடிவில் நிற்கும் வி-ட்வின் எஞ்சின். ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் முன்மூடி) இல்லாதது, உருண்டை ஹெட்லைட். மீட்டர் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி, பார்க்க வேண்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். முன் சிலிண்டரை எட்டுவதற்கு ரேடியேட்டரைக் கழற்றி நகர்த்த வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் வீட்டில் யாரும் என் பக்கம் வரமாட்டார்கள்.

வண்டியை மாற்றலாம் என்று தோன்றுவதற்கு ஒரே காரணம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இல்லாததுதான். முன்பெல்லாம் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. இப்போது மழையில் முன் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியின் வயதும் என் வயதும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. அதனால் ராத்திரி படுக்குமுன் விற்பனை விளம்பரங்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

எனக்குத் தெரிந்த கணக்கு பழையது. புது வண்டிக்கு முதல் ஆண்டிலேயே பெரிய அடி விழும். மூன்றாம் ஆண்டில் விலை படியும். அந்த இடத்தில் வாங்கி, ஆறேழு ஆண்டு ஓட்டி, பாதி விலைக்காவது கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இந்த எஸ்வியையும் அப்படித்தான் வாங்கினேன், விற்க மனம் வராமல் போனது வேறு விஷயம்.

இப்போது நான் பார்ப்பது என்ன? மூன்று வயதுள்ள யமஹா எம்டி-07-க்கு உரிமையாளர் கேட்கும் விலைக்கும் ஷோரூமில் தேங்கி நிற்கும் போன வருட மாடலுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சில இடங்களில் புதுசு மலிவாகவே கிடைக்கிறது. மறுபக்கம், என் வண்டி வயதுள்ளவை, அதைவிட மூத்த கார்புரேட்டர் வண்டிகள் எல்லாம் ஏறிக்கொண்டே போகின்றன. அதாவது நடுவில் இருப்பதை வாங்கினால் நஷ்டம், இரண்டு ஓரத்தில் எதை வாங்கினாலும் அர்த்தம் இருக்கிறது.

புதுசைப் பற்றியும் ஒரு புலம்பல். இந்த வகுப்பில் எதைத் திறந்தாலும் 270 டிகிரி க்ராங்க் வைத்த பேரலல் ட்வின், அதாவது இரண்டு சிலிண்டரும் பக்கம்பக்கமாக நிற்கும் எஞ்சின். எம்டி-07, ஹோண்டா ஹார்னெட் 750, சுசூகியின் ஜிஎஸ்எக்ஸ்-8எஸ், ஏப்ரிலியா 660, எல்லாம் அதேதான். 90 டிகிரி வி-ட்வினின் வெடிப்பு இடைவெளியை ஒரே சிலிண்டர் ஹெட்டில் கொண்டுவந்துவிடலாம், செலவு குறைவு, இடமும் மிச்சம். காரணம் புரிகிறது. 1995-ல் யமஹா டிஆர்எக்ஸ்850-இல் வந்தபோது புதுமையாக இருந்தது, இன்று கண்ணை மூடிக்கொண்டு எதில் ஏறினாலும் ஒரே தாளம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மூன்று நான்கு வயது வண்டிகளை உண்மையில் யாராவது வாங்குகிறீர்களா? அல்லது அந்த விளம்பரங்கள் வெறுமனே நின்றுகொண்டிருக்கின்றனவா?


சாவிக்கொத்து:

நின்றுகொண்டிருக்கின்றன. கேட்கிற விலையைப் பார்த்துச் சந்தையை எடை போடாதீர்கள் அண்ணா. அதே படம், அதே சுவர், அதே சாய்ந்த நிழல். ஒவ்வொரு மாதமும் வாசகம் மட்டும் மாறும். முதலில் "அவசரமில்லை, பேரம் இல்லை". அப்புறம் "குடும்பச் சூழல் காரணமாக". கடைசியில் "நியாயமாகக் கேட்டால் தருவேன்". மூன்றாவது வாசகம் வரும்வரை போன் பண்ணாமல் இருப்பதுதான் பொறுமை.


டேப்பெட் சத்தம்:

ஒர்க்‌ஷாப்பில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் பார்த்தது சரிதான். ஆனால் அது இயற்கையாக வந்த விலை இல்லை. இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதியிருக்கின்றன.

முதல் அலை கொரோனா. 2020, 2021-இல் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறப் பயந்தவர்கள், வீட்டில் அடைந்து சலித்தவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி தேடினார்கள். அதே சமயம் சிப் தட்டுப்பாடு, கப்பல் தாமதம். புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை வந்ததும் பழையதன் விலை ஏறியது. இன்று உங்கள் கண்ணில் படும் மூன்று, நான்கு, ஐந்து வயது வண்டிகள் பல அந்த உச்சத்தில் அல்லது அதை ஒட்டி வாங்கப்பட்டவை. பெரும்பாலும் கடனில். உரிமையாளர் கேட்பது வண்டியின் விலையை அல்ல, தன் கடன் பாக்கியை. அவரால் இறங்க முடியாது.

இரண்டாவது அலை எதிர்த்திசையில் வந்தது. தேவை இப்படியே நீடிக்கும் என்று நம்பித் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் கூட்டின. வட்டி ஏறியது, வாங்குபவர் குறைந்தார், ஷோரூம் பின்பக்கம் நிரம்பியது. ஆஸ்திரியாவின் கேடிஎம் நிறுவனம் 2024 நவம்பரில் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புக்கு மனுச் செய்யும் அளவுக்குப் போனது. விற்காத இருப்பும் அதற்கு ஒரு பெரிய காரணம். அப்புறம் பஜாஜ் பணம் போட்டு மீட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் புது வண்டிக்குத் தள்ளுபடி கொடுக்காமல் எப்படி இருப்பார்கள்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் யூரோ 5+ என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி எல்லாப் புது வண்டிகளுக்கும் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அதற்கு முந்தின டிசம்பரில், அப்புறமும் விற்கலாம் என்று, மிச்சமிருந்த யூரோ 5 வண்டிகளை விற்பனையாளர்கள் கூட்டம் கூட்டமாகப் பதிவு செய்துவிட்டார்கள். பதிவாகிவிட்டதால் காகிதத்தில் அது பழைய வண்டி, மீட்டரிலோ பூஜ்யம். இந்தப் பூஜ்யம் ஓடிய "செகண்ட் ஹேண்ட்" வண்டிகள்தான் மூன்று வயது வண்டியின் கழுத்தைப் பிடித்தவை. வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, பல இடங்களில் வாரண்டி பதிவுத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஒரு வருடம் குடோனில் நின்றிருந்தால் ஒரு வருட வாரண்டி போயிற்று. டயரும் பேட்டரியும்கூடச் சும்மா நின்றே வயதாகியிருக்கும்.

விதி மாறும்போது இப்படி நடப்பது புதிதில்லை. இந்தியாவில் 2017 மார்ச் கடைசியில், ஏப்ரல் 1 முதல் பிஎஸ்3 (பழைய புகை விதிப்படி செய்த) வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிடைத்த தள்ளுபடியில் ஷோரூம்களில் நின்ற கூட்டம் நினைவிருக்கும். அப்போதும் ஒரு வருடப் பழைய வண்டியை விற்க நினைத்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் சரியானது. இதுவும் ஆகும்.


முதல் கை:

எதிர்க்கட்சியாக ஒரு வார்த்தை. நான் விற்கும் பக்கம் நிற்பவன், என் நான்கு வயது எம்டி-07 இப்போது விளம்பரத்தில்தான் இருக்கிறது. (இல்லை சாவிக்கொத்து, பின்னால் சுவர் கிடையாது.)

வாங்க வருபவர் எல்லாரும் புது வண்டியின் தள்ளுபடி விலையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். என் வண்டியில் நல்ல பின் சஸ்பென்ஷன், க்ராஷ் கார்டு, சூடு தரும் கைப்பிடி, போன வருடம் மாற்றிய செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் இருக்கின்றன. இதையெல்லாம் புதுசில் போட்டுப் பார்க்கட்டும், விலை எங்கே போய் நிற்கும் என்று தெரியும். முதல் சர்வீஸ், பதிவுச் செலவு, ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்யும்) வேலைகள் எல்லாம் முடிந்த வண்டி. வால்வ் பார்க்க வேண்டியதே 40,000-த்தில்தான், நான் அதில் பாதிகூட ஓட்டவில்லை.

புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விழும் அடி இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று தள்ளுபடியில் வாங்குபவர் நாளைக்கு விற்கும்போது, வருபவர் கையிலும் அந்தத் தள்ளுபடி விலைதான் இருக்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.


வி-ட்வின் விசிறி:

முதல் கை, உங்கள் கடைசி வரி நியாயமானது. நான் யோசிக்காத கோணம். ஆனாலும் உங்கள் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. சஸ்பென்ஷனுக்கு நீங்கள் கொடுத்த பணம் உங்களுக்காகக் கொடுத்தது. உங்கள் எடைக்கு அமைத்த ஸ்பிரிங் என் எடைக்குச் சரிவருமா என்று தெரியாமல் நான் எப்படி விலை போடுவது?

டேப்பெட் சத்தம் எழுதியதைப் படித்தபிறகு விலைக் குழப்பம் தெளிந்தது. அலை அடங்கும், சரி. ஆனால் என் தயக்கம் முழுக்க விலையைப் பற்றியது இல்லை என்பது எழுதும்போதுதான் புரிகிறது. முன்பு செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கும்போது மீட்டரைப் பார்ப்போம், எஞ்சின் சத்தத்தைக் கேட்போம், விழுந்த தடம் தேடுவோம். இப்போது நான் முதலில் கேட்பது வேறு. இன்னும் பத்து ஆண்டு கழித்து இந்த வண்டியை யார் திறந்து பார்க்க முடியும்?

என் எஸ்வியில் த்ராட்டில் கேபிள் அறுந்தால் நானே மாற்றிவிடுவேன். 2016-க்கு அப்புறம் வந்தவற்றில் பல ரைடு-பை-வயர், த்ராட்டிலுக்குக் கேபிள் இல்லாமல் மின்சமிக்ஞைதான். கலர் டிஎஃப்டி (போன் திரை போன்ற) மீட்டர், சாய்வை அளக்கும் சென்சார், போனோடு பேசும் ஆப். புதுசாக இருக்கும்வரை எல்லாம் இனிமை. அந்த டிஎஃப்டி திரை மங்கினால் தனியாகத் திரை கிடைக்காது, மீட்டரையே முழுதாக மாற்ற வேண்டும். மாற்றினாலும் அதை ஈசியூவோடு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரோடு) சேர்த்துவைக்கக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். ஆப்பை நிறுவனம் எத்தனை வருடம் புதுப்பிக்கும்? சில வண்டிகளில் குவிக்‌ஷிஃப்டர், க்ரூஸ் கன்ட்ரோல் போன்ற வசதிகள் வண்டிக்குள்ளேயே இருந்தும் பூட்டி வைத்து, தனியாகப் பணம் கட்டினால் திறக்கிறார்கள். முதல் உரிமையாளர் கட்டியிருக்கிறாரா இல்லையா என்பதுகூட விளம்பரத்தில் வருவதில்லை.

கார்புரேட்டர் வண்டிகளின் விலை ஏறுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பழமை மேல் ஆசை என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் ஆசை. மீதி, ஸ்பானர் வைத்துத் திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே என்ற நிம்மதி.


மெதுவாப்போ:

அந்த ஆசையைக் குறைத்து எடை போடாதீர்கள். யமஹா எஸ்ஆர்400 1978-லிருந்து 2021 வரை வந்த வண்டி. கடைசிவரை கிக் ஸ்டார்ட் மட்டும். 2008-க்குப் பிறகு திரும்பி வந்தபோது அதிலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, அதனால் அது சுத்தக் கார்புரேட்டர் கதையும் இல்லை. நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்ததும் ஜப்பானில் செகண்ட் ஹேண்ட் விலை ஏறியது. 2022-ல் புகைக் கட்டுப்பாட்டால் நின்ற ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோருக்கும் அதே கதை. பழுது பார்ப்பது எளிதா இல்லையா என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. "இனி வராது" என்பதற்குத்தான் விலை.

உங்கள் எஸ்வியும் ஒருநாள் அந்த வரிசையில் சேரலாம். விற்காதீர்கள்.


டேப்பெட் சத்தம்:

மெதுவாப்போ, சேராது. எஸ்வி650 உலகம் முழுக்க ஏராளமாக விற்றது, பாதியை ரேஸில் ஓட்டி நொறுக்கியும் இன்னும் நிறைய இருக்கிறது. அது நல்ல வண்டி, அரிய வண்டி இல்லை. ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளட்டும், முதலீடாக நினைக்க வேண்டாம்.

விசிறி, எலக்ட்ரானிக்ஸ் பற்றிய பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எங்களிடம் வரும் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதி இன்னமும் பழைய சங்கதிதான்: பேட்டரி முனை, துருப்பிடித்த கனெக்டர், ரெகுலேட்டர், யாரோ ஹார்னுக்காக வெட்டி ஒட்டிய வயர். ஏபிஎஸ் சென்சார்கூடச் சுத்தம் செய்தாலே பாதி நேரம் விளக்கு அணைந்துவிடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபோதும் இதே பயம் இருந்தது. இன்று ஒரு சின்ன ஸ்கேனர் வைத்து ரோட்டோரத்தில் பார்க்கிறார்கள். நான் உண்மையில் தயங்குவது ஒரே ஒரு வகைக்கு, தொழில்நுட்பம் புதிதாக வந்த முதல் ஒன்றிரண்டு வருட மாடல்கள். முதல் தலைமுறை டிஎஃப்டி, முதல் தலைமுறை செமி-ஆக்டிவ் (ஓடும்போதே தானாக மாறிக்கொள்ளும்) சஸ்பென்ஷன். உதிரிபாகம் அந்த வருடத்துக்கு மட்டும் பொருந்தும், அடுத்த வருடமே மாற்றியிருப்பார்கள்.

புதுசையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-இல் டெஸ்மோவை (ஸ்பிரிங் இல்லாமல் வால்வை மூடும் தன் ஏற்பாட்டை) விட்டு சாதாரண வால்வ் ஸ்பிரிங்குக்கு வந்ததும் வால்வ் பார்க்கும் இடைவெளி 60,000 கிலோமீட்டர் ஆனது. பத்து வருடம் முன்னால் ஒரு டுகாட்டியைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.


சாவிக்கொத்து:

கம்பெனியே காணாமல் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் பக்கம் நடந்தது அதுதான். ஸ்வீடனின் கேக் 2024 பிப்ரவரியில் திவால், இத்தாலியின் எனர்ஜிகா அதே வருடம் அக்டோபரில். அப்புறம் யாராவது வாங்கி உயிர் கொடுத்தாலும், செகண்ட் ஹேண்ட் வாங்குபவன் மனத்தில் விழுந்த பயம் போகாது. பெட்ரோல் வண்டி என்றால் கம்பெனி செத்தாலும் லேத் பட்டறையில் ஏதாவது கடைந்து வாங்கிவிடலாம். பேட்டரி பேக்கைக் கடைந்தா எடுப்பது?

சீன வண்டிகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ரீசேல் இல்லை, ரீசேல் இல்லை என்கிறார்கள். ஆனால் 2005 முதல் சீன நிறுவனத்தின் கையில் இருக்கும் பழைய இத்தாலியப் பெயரான பெனெல்லி, டிஆர்கே 502-ஐ வைத்து இத்தாலியிலேயே அதிகம் விற்கும் மோட்டார்சைக்கிளாக ஆனது.


வி-ட்வின் விசிறி:

சீன வண்டிகளுக்குத் தனித் திரி போடுங்கள், இங்கே ஆரம்பித்தால் இது நாற்பது பக்கம் போகும்.

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். "நடுவயது வண்டி வேண்டாம்" என்று எழுதியவன் இப்போது பார்க்கப்போவது நடுவயது வண்டிதான், சிரித்துக்கொள்ளுங்கள். 2018 மாடல் எஸ்வி650, ஏபிஎஸ்ஸோடு. 2016-ல் திரும்பி வந்த தலைமுறை. அதே 645 சிசி வி-ட்வின். மீட்டர் சாதாரண எல்சிடி, த்ராட்டில் கேபிள், ரைடிங் மோடு எதுவும் கிடையாது, ஆப் கிடையாது. புதுசாக வந்தபோது விமர்சகர்கள் குறையாகச் சொன்ன அத்தனையும் எனக்கு இன்றைக்குத் தகுதியாகப் படுகிறது. கொரோனாவுக்கு முன்னால் வாங்கிய வண்டி என்பதால் உரிமையாளருக்குக் கடன் பாக்கியும் இல்லை. கேட்கும் விலையிலேயே அது தெரிகிறது.

ஆக, நடுவில் இருப்பதெல்லாம் ஒரே ரகம் இல்லை. உச்சத்தில் வாங்கிய வண்டி ஒரு பக்கம், அதற்கு முன் வாங்கிய எளிய வண்டி ஒரு பக்கம். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே வடிகட்டியில் போட்டுத் தேடினால் முதல் ரகம்தான் கண்ணில் விழுந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் அதுதான் விற்காமல் நிற்கிறது. இரண்டாவது ரகம் வந்த வேகத்தில் போய்விடுகிறது.

மீட்டர் 26,000. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். டேப்பெட் சத்தம், நீங்கள் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?


டேப்பெட் சத்தம்:

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பதில் தப்பில்லை.

அப்புறம் ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பி, அது முட்டும் இடத்தில் ஃபிரேமைப் பாருங்கள். பெயிண்ட் நசுங்கி உள்வாங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. லிவர், பார் எண்ட் எல்லாம் புதுசாக மாற்றலாம், அந்த முட்டுத் தடத்தை யாரும் மாற்றுவதில்லை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக ஆட்டுங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் தட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். பூ (டயரின் பள்ளக் கோடுகள்) எவ்வளவு இருந்தாலும் அது முதல் டயர் என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சாவி ஆன் செய்ததும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். ஆன் செய்யும்போதே எரியவில்லை என்றால் கோளாறை மறைக்கப் பல்பை யாரோ கவனித்திருக்கிறார்கள்.

சஸ்பென்ஷனும் பெயிண்டும் அப்புறம். முக்கியமான கேள்வி, 24,000-த்தில் வால்வ் பார்த்தாரா?


வி-ட்வின் விசிறி:

போனில் கேட்டேன். பார்த்ததாகச் சொல்கிறார், ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இல்லை. வாரண்டி முடிந்ததும் எல்லா வேலையும் வீட்டிலேயே செய்துகொண்டாராம். இரண்டு சாவியும் இருக்கிறது.


டேப்பெட் சத்தம்:

வீட்டிலேயே வால்வ் பார்த்தவர் என்றால் அளவுகளை எங்கேயாவது எழுதி வைத்திருப்பார். எந்த சிலிண்டரில் எந்த வால்வ், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். உங்களுக்குத்தான் அந்த எண்கள் பழக்கமாயிற்றே, சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். தாளைக் காட்டினால் முத்திரையைவிட நல்லது. வால்வ் கவர் கேஸ்கெட் வாங்கிய ரசீதும் இருந்தால் பேரத்தை ரொம்ப இழுக்காதீர்கள், அந்த வண்டி அடுத்த ஞாயிறு வரை நிற்காது.


முதல் கை:

எம்டி-07 இன்னும் இருக்கிறது, ஒருவேளை மனம் மாறினால். ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கு நானே மாற்றித் தருகிறேன்.